கேஸ் லைட்டருக்குள் இருக்கும் கல்லும் ராணிப்பேட்டை ஃபேனும்

காட்பாடியில் கடைசி வருடம் மெக்கானிக்கல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ராணிப்பேட்டை சிப்காட்டில் அதிர்வு அளக்கும் சென்சார் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறதாம், ஆர்டரில் 'பீசோ டெவலப்மெண்ட்' என்று போட்டிருக்கிறார்களாம். அவருக்குத் தெரிந்த பீசோ என்றால் காலேஜ் புராஜெக்டில் செய்த, காலால் மிதித்தால் கரண்ட் வரும் டைல்ஸ் மட்டும்தான். 1880-லேயே கண்டுபிடித்து முடித்த விஷயத்தில் ஒரு கம்பெனி இன்னும் டெவலப் பண்ண என்ன இருக்கிறது, சேரலாமா வேண்டாமா என்கிறார்.

சேருங்கள் தம்பி. ஏன் என்று சொல்ல கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கும், பொறுமையாகப் படியுங்கள். நான் 1994-ல் இதே மாதிரி ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தவன், அப்போது மாவட்டத்துக்கே வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றுதான் பெயர். முப்பது வருடமாக இந்த ஒரே பொருளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

முதலில் உங்கள் வீட்டு அடுப்பங்கரைக்குப் போங்கள். கேஸ் லைட்டரை அழுத்தினால் டக்கென்று பொறி வருகிறது இல்லையா, அதற்குள் பேட்டரி கிடையாது. ஒரு ஸ்பிரிங்கும் சின்ன சுத்தியலும், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு கல்லும் இருக்கும். கல் என்று நாம் சொன்னாலும் அது சூளையில் சுட்ட பீங்கான். சுத்தியல் அடிக்கிற அந்த நொடியில் பீங்கானின் இரண்டு முனைக்கும் நடுவே சில ஆயிரம் வோல்ட் எழும்பி, காற்றையே கிழித்துக்கொண்டு பாயும். அழுத்தினால் மின்னூட்டம். திருப்பி மின்சாரம் கொடுத்தால் அது நீளும் அல்லது சுருங்கும். பீசோ விளைவு என்று பார்த்தால் அவ்வளவுதான், மீதி எல்லாம் அதைக் கட்டி மேய்ப்பது.

ஆயிரம் வோல்ட் என்றதும்தான் எல்லாரும் டைல்ஸ் பக்கம் போய்விடுகிறார்கள். அந்தக் கணக்கை ஒரு தடவை நேர்மையாகப் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் இந்தத் துறைக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கேயே தடம் மாறிவிடுகிறார்கள். பி.இசட்.டி. என்று சொல்லும் பீசோ பீங்கானில் ஒரு நியூட்டன் அழுத்தத்துக்குச் சுமார் 400 பிகோகூலும் மின்னூட்டம் வரும். 60 கிலோ ஆள் ஏறி நின்றால் 600 நியூட்டன், ஆக 0.24 மைக்ரோகூலும். டைல்ஸில் நீங்கள் ஒட்டிய பீசோ பஸ்ஸர் வில்லையின் மின்தேக்குத்திறன் 20 நானோஃபாரட் என்று வைத்தால் 12 வோல்ட் காட்டும், பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஆற்றலாக அது 1.4 மைக்ரோஜூல். சாதாரண எல்.இ.டி. ஒன்று 60 மில்லிவாட் இழுக்கிறது என்றால் ஒரு மிதிக்கு 24 மைக்ரோநொடி எரியும். வில்லையை வளைத்து வாங்கினால் இன்னும் கூட வரும், நூறு மடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். சரி, பொருளையே விட்டுவிடுவோம், மனிதன் கொடுக்கும் வேலை எவ்வளவு? 600 நியூட்டனில் தரை 5 மில்லிமீட்டர் இறங்கினால் 3 ஜூல். ஒரு யூனிட் கரண்ட் 36 லட்சம் ஜூல். ஒரு துளிகூட வீணாகாமல் எடுத்தாலும் காட்பாடி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் 12 லட்சம் அடி விழுந்தால்தான் ஒரு யூனிட் தேறும். பீசோவிடம் கரண்ட் கேட்காதீர்கள். அதனிடம் சேதி கேளுங்கள், அதில் அதை அடிக்க ஆள் கிடையாது. வாசலைத் தாண்டிப் போகிற லாரியையும் சொல்லும், பக்கத்து மேஜையில் பேனா விழுந்ததையும் சொல்லும்.

வரலாறு சுருக்கமாக. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து டூர்மலின் கல்லைக் கொண்டுபோனார்கள். சூடாக்கினால் சாம்பலை இழுக்கிறது என்று அதற்கு சிலோன் காந்தம் என்றே பெயர் வைத்தார்கள், டூர்மலின் என்ற சொல்லே சிங்களத்திலிருந்து போனது. சூட்டுக்கு மின்னூட்டம் காட்டுகிற கல் அழுத்தத்துக்கும் காட்டுமா என்று தேடிப் போனவர்கள் பாரிஸில் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும். 1880-ல் டூர்மலின், குவார்ட்ஸ், கரும்புச் சர்க்கரைப் படிகம் எல்லாவற்றிலும் காட்டினார்கள். திருப்பியும் நடக்க வேண்டும் என்று லிப்மன் என்ற இயற்பியலாளர் 1881-ல் கணக்கில் சொல்ல, அதையும் அவர்களே சோதித்துக் காட்டினார்கள். அதன் பிறகு ஏறக்குறைய 35 வருடம் இதனால் யாருக்கும் பெரிய பிரயோஜனம் இல்லை. முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்தபோதுதான் பால் லான்ஜெவின் குவார்ட்ஸ் துண்டுகளை இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே வைத்து, தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியைப் பிடித்தார். அந்த வம்சம் இன்று நம் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து பறக்கிற, நீர்மூழ்கிகளைத் தேடும் பி-8ஐ விமானங்கள் கடலில் சோனோபாய் என்ற மிதவைகளைப் போடும், அதன் காது பீசோ பீங்கான்தான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் கர்ப்பிணிகளின் வயிற்றில் வைக்கிற ஸ்கேன் கருவியின் முனையிலும் அதே குடும்பத்துப் பீங்கான்தான்.

குவார்ட்ஸ் நல்ல கல், ஆனால் கஞ்சன். ஒரு நியூட்டனுக்கு 2.3 பிகோகூலும்தான் கொடுக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பேரியம் டைட்டனேட் வந்தது. 1950களின் தொடக்கத்தில் ஈயம், ஜிர்கோனியம், டைட்டானியம் கலந்த பீங்கானை, அதாவது நான் முன்னே சொன்ன பி.இசட்.டி.யை, ஜப்பானில் ஆராய்ந்தார்கள், 1954-ல் அமெரிக்காவில் பெர்னார்ட் ஜாஃபியும் கூட வேலை பார்த்தவர்களும் அதில் பீசோ விளைவு மிக வலுவாக இருப்பதைக் காட்டினார்கள். ஜிர்கோனியமும் டைட்டானியமும் 52-க்கு 48 என்ற விகிதத்தை ஒட்டி இருக்கும்போது இரண்டு படிக அமைப்புகள் எல்லை தகராறு போல ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும், அந்த இடத்தில்தான் சின்ன உந்துதலுக்கே பொருள் அதிகமாக அசையும். இந்தியாவில் சாகிபாபாத்தில் இருக்கும் சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் இந்தப் பீங்கானைச் செய்கிறது, கொச்சியில் இருக்கும் கடற்படை ஆய்வுக்கூடம் சோனார், அதாவது தண்ணீருக்குள் ஒலியால் தேடும் கருவி வேலை பார்க்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கல் கிடைத்தாயிற்று, கம்பெனி என்ன டெவலப் பண்ணும்?

சுவிட்சர்லாந்தில் வின்டர்தூர் என்று ஓர் ஊர். அங்கே எஸ்.எல்.எம். என்ற ரயில் எஞ்சின் கம்பெனியில் வேலை பார்த்தவர் வால்டர் கிஸ்ட்லர். குவார்ட்ஸ் சென்சாரை வைத்து எஞ்சினுக்குள் அழுத்தம் அளக்கப் போகும்போது ஒரு சங்கடம் வரும். கல்லில் வருகிற மின்னூட்டம் கைப்பிடி அளவு, அதை வோல்ட்டாக அளக்கப் போனால் கல்லில் மட்டும் நிற்காமல் கேபிள் முழுக்கப் பரவிவிடும், கேபிள் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 100 பிகோஃபாரட் குடிக்கும். ஒரு டம்ளர் பாலைத் தாம்பாளத்தில் ஊற்றி உயரம் அளப்பது மாதிரி: தாம்பாளம் பெரிதானால் உயரம் குறையும், பால் அதேதான். கேபிளை மாற்றினால் ரீடிங் மாறும். கிஸ்ட்லர் 1950-ல் காப்புரிமை வாங்கிய சார்ஜ் ஆம்ப்ளிஃபயர், உள்ளே வரும் முனையை எப்போதும் பூஜ்ய வோல்ட்டில் பிடித்துவைத்து, வருகிற மின்னூட்டம் முழுவதையும் தன்னுடைய ஒரே ஒரு மின்தேக்கிக்குள் இழுத்துக்கொள்ளும். முனையில் வோல்ட்டே இல்லையென்றால் கேபிளுக்குப் பங்கும் இல்லை. 1959-ல் அவரும் சோண்டரெக்கரும் சேர்ந்து தனிக் கம்பெனி நடத்த ஆரம்பித்தார்கள், இன்றும் இந்தத் துறையில் பெரிய பெயர். 1960களில் அவர்களும், 1967-ல் தொடங்கிய அமெரிக்காவின் பி.சி.பி. பீசோட்ரானிக்ஸும் ஆம்ப்ளிஃபயரைச் சுருக்கிச் சென்சாரின் வயிற்றுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். இன்று ஆலைகளில் நீங்கள் பார்க்கும் பெரும்பாலான அதிர்வு சென்சார் இந்த வகைதான், 24 வோல்ட்டும் சில மில்லி ஆம்பியரும் கொடுத்தால் அதே ஒயரில் சிக்னல் வந்துவிடும். கவனித்தீர்களா, குவார்ட்ஸ் 1880-ல் இருந்த அதே குவார்ட்ஸ். மாறியது எல்லாம் கல்லைச் சுற்றி இருப்பவை.

எங்கள் கம்பெனி கதைக்கு வருகிறேன். ராணிப்பேட்டையில் பெல் நிறுவனத்தின் பாய்லர் துணைக்கருவி ஆலை அனல் மின் நிலையங்களுக்குப் பெரிய பெரிய ஃபேன் செய்கிறது, அதைச் சுற்றி ஃபேப்ரிகேஷன், பேலன்சிங் என்று சின்ன சின்ன கம்பெனிகள் முளைத்தன. நாங்களும் அப்படி முளைத்தவர்கள்தான். ஓடுகிற ஃபேனைப் பேலன்ஸ் பண்ணிக் கொடுப்பதுதான் தொழில். எங்களிடம் ஒரு மூத்த ஃபிட்டர் இருந்தார், நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பேரிங் வீட்டின் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். உள்வளையம் போயிற்று, கிரீஸ் காய்ந்துவிட்டது, போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்வார், திறந்து பார்த்தால் அப்படியே இருக்கும். நாங்கள் வெளிநாட்டிலிருந்து வாங்கிய சென்சார் அவருக்கு ஈடு கொடுக்க ரொம்ப நாள் ஆயிற்று. அந்தச் சென்சார் பழுதானால் ரிப்பேருக்குக் கடல் தாண்டி அனுப்ப வேண்டும், மாதக்கணக்கில் வராது. அதனால் ஒன்றை லேத்தில் போட்டு அறுத்துத் திறந்து பார்த்தோம். உள்ளே ஒரு அடித்தட்டு, ஒரு பீங்கான் வளையம், மேலே கனமான உலோகக் கட்டி, நடுவில் ஒரு போல்ட். இவ்வளவுதானா, இதை நாமே செய்யலாமே என்று தோன்றியது. தோன்றியது சரிதான், ஆனால் அது ஆறு வருட வேலை என்று அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது.

கணக்கு எளிது. மேலே இருக்கும் கட்டி 20 கிராம். அடித்தட்டு ஒரு ஜி முடுக்கத்தில் அதிர்ந்தால் கட்டி பீங்கானை 0.2 நியூட்டனில் அழுத்தி இழுக்கும், 80 பிகோகூலும் வரும், பீங்கானின் மின்தேக்குத்திறன் 1000 பிகோஃபாரட் என்றால் 80 மில்லிவோல்ட். மேஜை மேல் எல்லாம் அழகாக வேலை செய்தது. முதல் லாட்டை ஒரு ஆலையின் ஃபேனில் மாட்டிவிட்டு வந்தோம். ஐப்பசி மழை தொடங்கி இரண்டு வாரம் கழித்து அந்த ஃபிட்டர்தான் கூப்பிட்டார். "சார், உங்க மீட்டர் நல்லா இருக்குன்னு சொல்லுது, ஆனா ஃபேன் நல்லா இல்லை." போய் வேறு மீட்டரை வைத்துப் பார்த்தால் நொடிக்கு 6 மில்லிமீட்டர் அதிர்வு. எங்கள் சென்சார் 4.3 என்றது. கடினமான அடித்தளத்தில் நிற்கும் பெரிய எந்திரத்துக்கு 4.5 தாண்டினால் கவனிக்க வேண்டும், 7.1 தாண்டினால் நிறுத்த வேண்டும் என்பது சர்வதேசத் தர எல்லை. அதாவது மணி அடிக்க வேண்டிய இடத்தில் எங்கள் சென்சார் நிம்மதியாகத் தூங்கச் சொல்லியிருக்கிறது.

என்ன நடந்தது என்று புரிய ஒரு மாதம் ஆயிற்று, இந்த ஒரு விஷயம் புரிந்தால் உங்களுக்குப் பாதி பீசோ புரிந்த மாதிரி. பீங்கானின் இரண்டு முகத்துக்கும் நடுவே மின்தடை பல நூறு கோடி ஓம் இருக்க வேண்டும், இருந்தால் மின்னூட்டம் தங்கும். எங்கள் சென்சாரை எபாக்சி வைத்து மூடியிருந்தோம், மழைக் காற்றின் ஈரம் மெல்ல உள்ளே போய் பீங்கானின் ஓரத்தில் படிந்து, தடை 1 கோடி ஓமுக்கு இறங்கியிருந்தது. 1 கோடி ஓமும் 1000 பிகோஃபாரடும் சேர்ந்தால் நூறில் ஒரு நொடியில் மின்னூட்டம் வடிந்துவிடும், அதாவது 16 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் அதற்குக் கீழேயும் இருக்கும் அதிர்வெல்லாம் மங்கிப்போகும். அந்த ஃபேன் நிமிடத்துக்கு 990 சுற்று, 60 ஆல் வகுத்தால் 16.5 ஹெர்ட்ஸ். சரியாக அந்த இடத்தில் அடி. 72 சதவீதம்தான் மிஞ்சும், 6 என்பது 4.3 ஆகும். வேகமான அதிர்வெல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் சென்சார் உயிரோடுதான் இருக்கிறது என்று நாங்களும் நம்பிவிட்டோம். கசிகிற பீசோ செத்துப்போகாது, குறைத்துச் சொல்லும். இதைவிட மோசமான குணம் ஒரு அளவுகோலுக்கு இருக்க முடியாது என்பேன்.

சரி, மூடியை வெல்டிங்குக்கு மாற்றினோம், உள்ளே உலர்ந்த நைட்ரஜன் நிரப்பினோம். அப்புறமும் பத்தில் இரண்டு சென்சார் தேறவில்லை. ஏன் என்று கண்டுபிடித்தது இன்ஜினியர் யாரும் இல்லை, அசெம்பிளியில் இருந்த ஒரு அக்கா. வாலாஜாவிலிருந்து பஸ்ஸில் வருவார், பத்தாவது வரை படித்தவர். ஒவ்வொரு லாட் கார்டிலும் எத்தனை மணிக்குப் பூட்டியது என்று பென்சிலால் குறித்துவைக்கும் பழக்கம் அவருக்கு, யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. தேறாதவை எல்லாம் மதியம் இரண்டு மணிக்கு மேல் பூட்டியவை என்று கார்டுகளை அடுக்கிக் காட்டினார். மதியம் கரண்ட் போகும், ஏ.சி. நிற்கும், வேலூர் வெயிலில் கை வியர்க்கும், கையுறை வழுக்குகிறது என்று கழற்றிவிட்டுப் பீங்கானை வெறும் விரலால் பிடிப்பார்கள். விரல் ரேகையில் இருக்கும் உப்பு கண்ணுக்குத் தெரியாது, உள்ளே இருக்கிற கொஞ்ச நஞ்ச ஈரத்தையும் பிடித்து இழுத்து ஓரத்தில் ஒரு பாலம் போட்டுவிடும். அன்றிலிருந்து ஆல்கஹாலில் கழுவுவது, ராத்திரி முழுக்க 100 டிகிரி ஓவனில் வைப்பது, மூடுவதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் மின்தடை பார்ப்பது, 100 கோடி ஓமுக்குக் கீழே இருந்தால் திரும்ப ஓவனுக்கு அனுப்புவது, கரண்ட் இல்லையென்றால் அசெம்பிளியே இல்லை என்பது எல்லாம் விதியாயிற்று. அந்த விதியை எழுதியது அந்த அக்காதான், கையெழுத்தும் அவருடையது. காப்புரிமைப் பட்டியலில் இந்த மாதிரி வேலை வராது, ஆனால் பொறியியல் கம்பெனியில் டெவலப்மெண்ட் என்று நான் சொல்வது இதைத்தான்.

மழைக்கு ஒரு பாடம் என்றால் கோடைக்கு ஒன்று. அக்னி நட்சத்திரத்தில் ஒரு சாயங்காலம் திடீரென்று கோடை மழை பெய்தது, வெளியில் நின்ற ஒரு ஃபேனின் ரீடிங் தாறுமாறாக மேலும் கீழும் ஏறி இறங்கியது. ஃபேனில் ஒன்றும் இல்லை. சிலோன் காந்தம் ஞாபகம் இருக்கிறதா, அதே குணம் பி.இசட்.டி.க்கும் உண்டு: சூடு மாறினாலே மின்னூட்டம் காட்டும். வெயிலில் காய்ந்த உலோகத்தின் மேல் மழைத்தண்ணீர் பட்டதும் சென்சார் குளிர்ந்து, அதிர்வே இல்லாமல் சிக்னல் வந்துவிட்டது. இதோடு அடித்தட்டு கொஞ்சம் வளைந்தாலும் மேலே இருக்கும் பீங்கான் அதை அழுத்தம் என்று நினைத்துக்கொள்ளும். இதற்கு விடை வடிவத்தில் இருந்தது. பீங்கானைக் கட்டிக்கு அடியில் வைத்து நசுக்குவதற்குப் பதிலாக, நடுத்தூணைச் சுற்றி நிறுத்தி, அதற்கு வெளியே கட்டியை மாட்டினால், அதிர்வில் பீங்கான் நசுங்காமல் சீட்டுக்கட்டு சறுக்குவது போலச் சறுக்கும். சறுக்கலில் வரும் மின்னூட்டம் ஒரு முகத்தில் சேரும், சூட்டினால் வருவது வேறு முகத்தில் சேரும். எந்த முகத்தில் மின்முனை பூசுகிறோமோ அதை மட்டும்தான் கேட்போம், மற்றது தானாக ஒதுங்கிவிடும். ஷியர் வகை என்று அதற்குப் பெயர். எவ்வளவு அழகான யோசனை பாருங்கள், ஃபில்டர் இல்லை, சாஃப்ட்வேர் இல்லை, கல்லைத் திருப்பி வைத்ததோடு பிரச்சினை போயிற்று. அந்த வடிவத்துக்கு மாற எங்களுக்கு மூன்று வருடம் பிடித்தது, ஏனென்றால் வளையத்தைத் தூணோடு இறுக்கமாகப் பிடிக்க வைப்பது லேசான காரியம் இல்லை. பசை போட்டால் சூட்டில் விட்டுவிடும், அதிகமாக இறுக்கினால் பீங்கான் விரிசல் விடும்.

கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆம்ப்ளிஃபயர் உள்ளே இல்லாத சார்ஜ் வகை சென்சாரில் கேபிள் ஆடினாலே உள்ளே உறையும் கம்பி வலையும் உரசி மின்னூட்டம் உண்டாகும், நீங்கள் ஃபேனை அளக்காமல் கேபிளை அளந்துகொண்டிருப்பீர்கள். கிராஃபைட் பூசிய கேபிள் வாங்குங்கள், அதையும் சென்சாருக்குப் பக்கத்திலேயே கட்டிப்போடுங்கள்.

நடுவில் பீங்கானையே நாமே சுடலாம் என்று ஒரு ஆசை வந்தது. ராணிப்பேட்டைக்குப் பீங்கான் புதிது இல்லை, பாரிவேர் கழிப்பறைப் பீங்கான் ஆலை வெகுகாலமாக இங்கே உண்டு, சூளைப் பக்குவம் தெரிந்த ஆட்கள் கிடைத்தார்கள். தூளை அரைத்து, அச்சில் அழுத்தி, 1200 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். ஆனால் அந்தச் சூட்டில் ஈய ஆக்சைடு ஆவியாகப் போய்விடும், போனால் விகிதம் கெடும், அந்த 52-க்கு 48 எல்லைக் கதையெல்லாம் வீண். அதனால் மூடிய பாத்திரத்துக்குள், ஈயம் கலந்த தூளையே சுற்றிக் கொட்டிச் சுடுவார்கள். சுட்ட பிறகும் அது வெறும் பீங்கான்தான், உள்ளே இருக்கும் மின் இருமுனைகள் திசைக்கொன்றாகக் கிடக்கும். வெள்ளி பூசி, 100 டிகிரிக்கு மேல் காய்ந்த சிலிக்கான் எண்ணெயில் முக்கி, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு 2000, 3000 வோல்ட் என்று கொடுத்தால்தான் எல்லாம் ஒரு திசைக்குத் திரும்பும். திரும்பியதும் உடனே அளக்கக் கூடாது, மெல்ல மெல்ல இறங்கும். 1-வது நாளிலிருந்து 10-வது நாளுக்குள் எவ்வளவு இறங்குகிறதோ அதே அளவுதான் 10-லிருந்து 100-வது நாளுக்குள்ளும் இறங்கும், ஆகவே வைத்திருந்து பழுக்கவிட்டுத்தான் பூட்ட வேண்டும். நான்கு வருடம் சுட்டோம், ஒரே சூளையில் எடுத்த இரண்டு வளையம் ஒரே மாதிரி வராது. கடைசியில் நிறுத்திவிட்டோம், இன்றுவரை வெளியில்தான் வாங்குகிறோம். நிறுத்தியது சரி என்பதுதான் என் முடிவு, தரம் மட்டும் காரணம் இல்லை. இந்தப் பீங்கானின் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் ஈயம். குரோமியக் கழிவு மலையாகக் குவிந்து கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாகிப்போனதைப் பார்த்த ஊர் இது, இங்கே இன்னொரு கன உலோகத் தூளை அரைக்க ஆரம்பிப்பதற்கு முன் யாராக இருந்தாலும் நூறு தடவை யோசிக்க வேண்டும். ஈயம் இல்லாத பீங்கானில் 2004-ல் ஜப்பானில் டொயோட்டாவின் மத்திய ஆய்வுக்கூடம் பொட்டாசியம் சோடியம் நியோபேட் வகையில் நல்ல முன்னேற்றம் காட்டியது. ஆனாலும் ஐரோப்பாவில் ஈயத் தடைச் சட்டம் பீசோ பீங்கானுக்கு விலக்கு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது, சரியான மாற்று இன்னும் எல்லா வேலைக்கும் வரவில்லை என்பதால். உங்கள் வயதுப் பிள்ளைகள் செய்ய வேண்டிய பெரிய வேலை அதுதான்.

மின்சாரம் கொடுத்து அசைய வைக்கும் பக்கத்தில் எனக்கு அனுபவம் குறைவு, ஒரு உதாரணம் மட்டும் சொல்கிறேன். டீசல் காரில் எரிபொருளைத் தெளிக்கும் பீசோ இன்ஜெக்டரில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமனில் நூற்றுக்கணக்கான பீங்கான் ஏடுகளை அடுக்கியிருப்பார்கள். 160 வோல்ட் பக்கம் கொடுத்தால் மொத்த அடுக்கும் சேர்ந்து சுமார் 40 மைக்ரோமீட்டர் நீளும், தலைமுடித் தடிமன்கூட இல்லை. அதைக் கொண்டு ஊசியை நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கில் திறந்து மூடினார்கள். சீமென்ஸ் 2000-லும் பாஷ் 2003-லும் கார்களுக்குக் கொண்டுவந்தன, இரண்டு கம்பெனி இன்ஜினியர்களுக்கும் சேர்த்து 2005-ல் ஜெர்மன் எதிர்காலப் பரிசு கிடைத்தது. அப்புறம் காந்தச்சுருள் இன்ஜெக்டரும் வேகம் பழகிக்கொண்டு, விலையும் குறைவாக இருந்ததால் பல வண்டிகளில் திரும்ப வந்துவிட்டது. நல்ல தொழில்நுட்பம் என்பதால் மட்டும் சந்தையில் நின்றுவிடாது, இதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

சேர்ந்த பிறகு முதல் வருடம் என்ன செய்வீர்கள்? கழுவுவீர்கள், ஓவனில் வைப்பீர்கள், டார்க் ரெஞ்ச் வைத்து ஸ்டட் முறுக்குவீர்கள், சென்சாரை 159.2 ஹெர்ட்ஸில் ஆட்டி ஆயிரம் தடவை சரிபார்ப்பீர்கள். ஏன் 159.2 என்று அங்கே யாரும் சொல்லித் தராவிட்டால்: 2 பை-யால் பெருக்கினால் 1000 வரும், முடுக்கம், திசைவேகம், இடப்பெயர்ச்சி மூன்றும் ஆயிரம் ஆயிரமாக வகுபடும், மனக்கணக்கிலேயே பார்க்கலாம். இதற்கா நாலு வருடம் படித்தேன் என்று தோன்றும். அப்போது வேலையை விட்டுவிடாதீர்கள். யார் கையில் எந்த மணிக்கு எது கெடுகிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

சேர்வதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள், பஸ்ஸர் வில்லை உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். காலேஜ் லேபில் ஆசிலாஸ்கோப்பின் 10 மெகா ஓம் புரோபில் அதை மாட்டி, விரலால் அழுத்தி, அழுத்தியபடியே வைத்திருங்கள். அலை துள்ளி எழுந்து, நீங்கள் விரலை எடுக்காமல் இருக்கும்போதே அரை நொடியில் பூஜ்யத்துக்குப் போய்விடும். விரலை எடுத்தால் கீழ்ப்பக்கமாகத் துள்ளும். அப்புறம் வில்லையைத் துடைக்காமல் வியர்த்த கையால் ஓரத்தை நன்றாகத் தேய்த்துவிட்டு, வாயால் ஒரு தடவை ஊதி, திரும்ப அழுத்துங்கள். முதல் அலையையும் இரண்டாவது அலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எவ்வளவு சீக்கிரம் இறங்கியது என்று நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து கசிவுத் தடை எத்தனை ஓம் என்று கணக்குப் போட்டு அனுப்புங்கள், நான் சரிபார்த்துச் சொல்கிறேன்.